காதுமடலில் ஆறாத புண்: வெயில் காரணமா?

கேள்வி: வயது 54. தஞ்சாவூர் பக்கம் விவசாயம். ஏழு வருடத்துக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், அசதயோப்ரின் சாப்பிடுகிறேன். இடது காதுமடலில் மூன்று மாதமாக ஒரு புண். பொருக்குத் தட்டி உதிர்கிறது, மறுபடி தட்டுகிறது. கறுத்த தோலுக்கு வெயிலால் புற்றுநோய் வராது என்கிறார்களே, டாக்டர்?

பதில்: வராது என்றில்லை ஐயா, அரிதாக வரும். ஆனால் உங்களுக்கு அந்த 'அரிது' போதாது. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், தோல் செல்லின் மரபணு இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு 'எழுத்துகளை', அதாவது இழையின் கூறுகளை, ஒட்டவைத்துவிடும். கறுத்த தோலில் மெலனின் இதைப் பெருமளவு தடுக்கிறது. மீறி ஒட்டியதைச் செல்லே வெட்டியெடுத்துச் சரிசெய்துகொள்ளும். பிறவியிலேயே இந்தப் பழுதுபார்ப்பு இல்லாத குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வருவதுண்டு. சரிசெய்ய முடியாத செல்லை பி53 என்ற மரபணு சாகவைக்கும். அந்த பி53-யே பழுதானால்தான் ஆபத்து; கெட்ட செல் பெருக ஆரம்பிக்கும்.

அப்படிப் பெருகுவதைப் பிடித்து அழிப்பது நோய் எதிர்ப்பு அணுக்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க, அவற்றைத்தான் மாத்திரை கொடுத்து அடக்கிவைத்திருக்கிறோம். வெயிலும் தன் பங்குக்குத் தோலின் எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கிறது. போதாததற்கு, அசதயோப்ரினின் ஒரு கூறு மரபணுவிலேயே கலந்து, புற ஊதா ஏ கதிர் அதைச் சுலபமாகச் சிதைக்க வழிசெய்கிறது. நார்வேயில் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்குச் செதிள் செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் வகை மற்றவர்களைவிட சுமார் 65 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அது வெள்ளைத் தோல். நமக்கு அவ்வளவு இல்லை. அதற்காக மூன்று மாதப் புண்ணை விட்டுவைக்கக் கூடாது.

புண்ணின் அடியை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருக்கிறதா, லேசாக உரசினாலே ரத்தம் கசிகிறதா? இரண்டும் இல்லாவிட்டாலும் பயாப்ஸி, அதாவது புண்ணில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது, தேவைப்படலாம். புற்றுநோயாகவே இருந்தாலும், சிறிதாக இருக்கும்போது வெட்டியெடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

பயத்தில் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். தேவைப்பட்டால் சிறுநீரக மருத்துவர் சிரோலிமஸ் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார். அப்புறம், வயலில் தலையில் கட்டும் துண்டு பெரும்பாலும் காதுக்கு மேலேயே நின்றுவிடும். நாளையிலிருந்து காதையும் மூடிக் கட்டுங்கள்.