வரலாற்றிலேயே மிகக் கொடூரமான டொர்னேடோ எது?

எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல். உயிரிழப்பை வைத்தால் 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியைத் துடைத்துப்போட்டதுதான் முதலிடம், சுமார் 1,300 பேர் இறந்தார்கள். ஆனால் அதில் தகரக் கூரை, மண்சுவர் வீடுகளுக்கும் பங்குண்டு, காற்றின் பலத்தை மட்டும் அது சொல்வதில்லை. காற்று வேகம் என்றால் 1999 மே 3 அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மூர் ஊர்ப் பக்கம் வந்தது. லாரியில் ஏற்றிய ரேடார் மணிக்கு சுமார் 480 கிலோமீட்டர் என்று அளந்தது.

என் ஓட்டு இவை இரண்டுக்குமே இல்லை, 1997 மே 27 டெக்சஸ் ஜாரெலுக்குத்தான். டொர்னேடோ பொதுவாக ஒரு வீட்டைச் சில நொடிகளில் கடந்துவிடும், இதுவோ ஊர்ந்து வந்ததால் ஒரே இடத்தை நிமிடக்கணக்கில் அரைத்தது. ரோட்டிலிருந்த தார் உரிந்தது, புல்லோடு மண்ணும் போனது, வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் மிச்சம். 27 பேர் இறந்த அந்தக் குடியிருப்பில், வீட்டுக்குள் பதுங்குவது என்ற வழக்கமான அறிவுரையே பலிக்கவில்லை.

அப்புறம், டொர்னேடோவின் பலத்துக்கு 0 முதல் 5 வரை தரும் எஃப் 5, இஎஃப் 5 போன்ற எண்களை அப்படியே நம்பி ஒப்பிடாதீர்கள், அவை காற்றை அளந்து தருவதல்ல, சேதத்தைப் பார்த்துத் தருவது. 2013இல் ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு வந்த ராட்சதன் பெரும்பாலும் வயல்வெளியில் சுற்றியதால் வெறும் இஎஃப் 3!