முட்டையும் பாலும் ஒவ்வாத குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் எப்படிச் செய்வது?

வேலூர் பேக்கரிகளில் கிடைக்கும் முட்டையில்லாத கேக் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலும் ஒவ்வாது என்றால் போதாது. முட்டைக்குப் பதிலாக அதில் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோதான் சேர்க்கிறார்கள்.

வீட்டிலேயே செய்துவிடுங்கள். மைதா 1½ கப், சர்க்கரை ¾ கப், சமையல் சோடா 1 தேக்கரண்டி, சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 1 கப், எண்ணெய் 5 மேசைக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்குங்கள். வினிகர் சோடாவில் பட்டதும் கரியமில வாயு நுரைத்து எழும். கேக்கை உப்ப வைப்பது அதுதான். ஆகவே கலந்த மாவைக் காத்திருக்க விடாமல் உடனே அடுப்பேற்ற வேண்டும். ஓவன் இல்லையா? குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, அடியில் உப்பைப் பரப்பி, மாவு ஊற்றிய பாத்திரத்தை அதன்மேல் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். குத்திப் பார்த்தால் குச்சியில் மாவு ஒட்டக்கூடாது.

கேக்கைவிட விருந்தினர்தான் பெரிய சோதனை. ‘ஒரு வாய்தானே’ என்று பாட்டி ஆற்காடு மக்கன் பேடாவை ஊட்டிவிடுவார். அது பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவில் செய்தது, உள்ளே முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள் வேறு. நெய்யிலும் பால் புரதம் எஞ்சியிருக்கலாம். பேடா வெட்டிய கத்தி கேக்கின் பக்கமே வரக்கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து அலமாரிக்குள் பூட்டிக் கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.