ரசிகரின் வாக்கு யாருக்குக் கடன்?

கேள்வி: பள்ளிப் பருவத்திலிருந்தே நான் விஜயகாந்த் ரசிகன், மன்றத்தில் பொறுப்பிலும் இருந்தேன். 2006-இல் விருத்தாசலத்தில் அவருக்கு வாக்களித்ததோடு, அவருடைய தே.மு.தி.க.வின் முரசு சின்னத்துக்காகத் தெருத் தெருவாக வாக்கும் கேட்டேன். 2016-இல் அவருடைய கட்சிக்கு நான் வாக்களிக்கவில்லை. 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது கோயம்பேட்டில் கூட்டத்தோடு நின்று அழுதேன். துரோகம் செய்துவிட்டோமோ என்ற உறுத்தல் அன்றிலிருந்து இருக்கிறது. தொலைக்காட்சியில் ஓட்டிய துணுக்குக் காட்சிகளைப் பார்த்துத்தான் மனம் மாறினேனோ என்றும் ஐயப்படுகிறேன். என் மைத்துனரோ, "ரசிகனுக்கு என்ன அரசியல் தெரியும்?" என்று வாயை அடைக்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள், கட்சி தொடங்கியிருக்கும் வேறொரு நடிகரின் ரசிகை. முதன்முறையாக வாக்களிக்கப் போகிறாள். அவளிடம் நான் என்ன சொல்வது?
- ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் மைத்துனருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பவர்கள் என்பது உண்மையானால், 1989-இல் திருவையாற்றில் சிவாஜி கணேசன் தோற்றிருக்கக் கூடாது. அவருடைய நடிப்பைக் கண்டு கலங்காத குடும்பம் தஞ்சைப் பக்கம் அரிது. ஆயினும் தனிக்கட்சி தொடங்கி, எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் பிளவுபட்ட அ.தி.மு.க.வின் ஜானகி அணியோடு கூட்டுச் சேர்ந்து அவர் நின்றபோது, நடிகருக்குத் தந்த மரியாதையில் எள்ளளவும் குறைக்காமலேயே வாக்கை வேறு பக்கம் போட்டுவிட்டு வந்தார்கள். எம்.ஜி.ஆர். வென்றாரே என்று மைத்துனர் கேட்கக்கூடும். எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953-இல், முதலமைச்சரானது 1977-இல். இடைப்பட்ட காலம் முழுவதும் மேடையும் பிரசாரமும் கட்சி வேலையுமாகக் கழிந்தது. மன்றங்கள் கட்சிக் கிளைகளாக மாறி உழைத்ததால்தான் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில், எம்.ஜி.ஆர். தனியே தொடங்கிய அ.தி.மு.க.வின் வேட்பாளரும் நடிகரல்லாதவருமான மாயத்தேவரால் வெல்ல முடிந்தது. திரைப்புகழ் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்குமேல் வேறு சரக்கு வேண்டும் என்பதை வாக்காளர்களான ரசிகர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

உங்கள் 2006 வாக்கையே எடுத்துக்கொள்வோம். ஊழலை எதிர்த்துத் திரையில் அவர் பேசிய வசனங்கள் உங்களை ஈர்த்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வசனத்துக்கு வெளியேயும் உங்களிடம் சான்று இருந்தது. கடனில் மூழ்கியிருந்த நடிகர் சங்கத்தின் தலைவராகி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைநிகழ்ச்சி நடத்தி அந்தக் கடனை அடைத்தவர் அவர். 2002-இல் காவிரிக்காக நெய்வேலியில் திரையுலகினரைத் திரட்டியதை உங்கள் மாவட்டத்துக்காரர்கள் நேரிலேயே பார்த்தார்கள். பா.ம.க.வின் கோட்டை என்று சொல்லப்பட்ட விருத்தாசலத்தில், கட்சி தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நிலையில், கூட்டணியின்றி நின்று வென்றார். நீங்கள் அன்று வாக்களித்தது ஒரு நடிகருக்கு மட்டுமன்று. ஒரு சங்கத்தை நடத்திக் காட்டிய மனிதருக்கும்தான்.

இனி 2016. உங்கள் ஐயத்துக்கு விடை காண ஒரு வழி உண்டு. அந்தத் துணுக்குகள் அத்தனையையும் மனத்திலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியிருக்கும் காரணங்களை மட்டும் பாருங்கள். 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்களை வென்று, தி.மு.க.வையும் முந்தி, எதிர்க்கட்சித் தலைவர் என்ற பெரும்பொறுப்பை அவர் பெற்றார். 2012 பிப்ரவரியில் பேரவையில் மோதல் வெடித்தது. அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதன்பின் பேரவைக்கு அவர் வந்த நாள்கள் குறைவு. அவர் கட்சி உறுப்பினர்கள் சிலர் ஒவ்வொருவராக முதலமைச்சரைச் சந்தித்து அணி மாறினார்கள். 2016 தொடக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் கையை விட்டுப் போனது. ஆளுங்கட்சியின் பக்கமும் குற்றம் இல்லாமலில்லை. ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றோ இரண்டோ உங்கள் முடிவுக்குப் பின்னால் இருந்திருந்தால், அது தொலைக்காட்சி எடுத்த முடிவு அன்று. நீங்கள் எடுத்த முடிவு.

துணுக்குகள் மட்டுமே காரணமாக இருந்திருந்தால்? அப்போதும் துரோகம் என்ற சொல் பொருந்தாது. ஏமாந்தீர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு மணி நேரப் பேச்சில் அவர் தடுமாறிய சில நொடிகளை மட்டும் வெட்டி, பின்னணியில் சிரிப்பொலி சேர்த்து, காலைச் செய்தியிலும் இரவு நிகழ்ச்சியிலும் ஓட்டிய காலம் அது. அவருடைய உடல்நலம் குன்றிவந்த காலமும் அதுதான். நம் ஊரில் பல தொலைக்காட்சிகளின் பின்னால் ஏதேனும் ஒரு கட்சியோ அதற்கு வேண்டியவர்களோ இருப்பது ஊரறிந்த செய்தி. இதில் விஜயகாந்தின் கட்சி சார்ந்த கேப்டன் தொலைக்காட்சியும் விலக்கன்று. அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மன்றத்து நண்பர்களுக்கும் பாதிதான் தெரிந்திருக்கும். படப்பிடிப்புத் தளத்தில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டவர் என்று, அவர் இறந்த அன்று தொலைக்காட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு நெகிழ்ந்தனவே, அந்தச் செய்தி 2016-இலும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். (இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.) அந்தத் தேர்தலில் உளுந்தூர்ப்பேட்டையில் அவரே தோற்றார், நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நின்ற கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. உங்கள் ஒரு வாக்கு அதை மாற்றியிருக்காது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கோயம்பேட்டில் அழுதவரும் 2016-இல் வேறு சின்னத்தை அழுத்தியவரும் ஒருவரே என்பதில் முரண் எதுவும் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கியபோதே அவர் படங்களுக்கான விலையைக் கொடுத்துவிட்டீர்கள். வாக்கு அந்தக் கணக்கில் சேராது.

மகளிடம் அவளுடைய நடிகரைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள். மைத்துனர் உங்களுக்குச் செய்வதை நீங்கள் அவளுக்குச் செய்ததாக ஆகிவிடும். அறிவுரையாக இல்லாமல், 2006-இல் ஏன் வாக்களித்தீர்கள், 2016-இல் ஏன் வாக்களிக்கவில்லை என்ற இரண்டையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பிறகு, அவள் விரும்பும் நடிகரின் கட்சி சார்பில் உங்கள் தொகுதியில் நிற்கப்போவது யார், அவர் அங்கே இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று விசாரித்துச் சொல்லும்படி அவளையே கேளுங்கள். வேட்புமனுவுடன் தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். மற்ற கட்சி வேட்பாளர்களின் பத்திரங்களையும் சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். ஒரு தலைவரைப் பற்றிய துணுக்கு கைபேசிக்கு வந்தால், முழு உரையையும் தேடிப் பார்த்த பிறகே அதைப் பற்றிப் பேசுவது என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். அந்த வழக்கத்தை முதலில் மைத்துனரிடம் நடைமுறைப்படுத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓரளவு அமைதியும் கிடைக்கும்.