பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு சின்ன வயதிலேயே தெரியுமா?

மகளுக்கு 6 வயது, கோபம் வந்தால் அடங்க மாட்டேன் என்கிறாள், இது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறின் தொடக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். உணர்ச்சிகளும் உறவுகளும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும் மனநலக் கோளாறு இது. 6 வயதில் எந்தப் பொறுப்பான டாக்டரும் இந்தப் பெயரை வைக்க மாட்டார். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டின்படி, இதற்கான 9 அறிகுறிகளில் 5 இருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடமாவது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

என் தங்கைக்கு 22 வயதில்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் இப்போது யோசித்தால் எல்லாம் முன்பே இருந்தது. அம்மா கடையிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் போதும், வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கை சிவக்கும் வரை நிற்பாள். அம்மா வந்ததும் கட்டிக்கொள்ள மாட்டாள், "என்னை விட்டுட்டுப் போயிட்டே" என்று அடிப்பாள். நாலாம் வகுப்பில் உயிர்த்தோழி இடம் மாறி உட்கார்ந்தாள் என்பதற்காக, அவள் கொடுத்த பென்சில் டப்பாவை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, ராத்திரி முழுக்க "நான்தான் கெட்ட பொண்ணு" என்று அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அழும்தான், அரை மணியில் மறந்து விளையாடப் போய்விடும். இவளுக்கு அது அடங்க மறுநாள் ஆகும்.

வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றே ஒன்று: "நடிக்காதே." நானும் சொன்னேன், நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. இந்தக் கோளாறுக்கு டிபிடி என்ற உளவியல் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று பற்றிக்கொள்ளும் குழந்தையும், அந்த உணர்ச்சியை மதிக்காமல் தள்ளிவிடும் சூழலும் சேரும்போது இது வளர்கிறது என்கிறார். (இளம் வயதில் தானும் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னவர்.) அதற்காகப் பெற்றோர்மேல் மட்டும் பழி போட முடியாது, பரம்பரைக்கும் பங்கு உண்டு.

உங்கள் மகள் அழும்போது காரணம் சின்னதாகத் தெரிந்தாலும் வலி நிஜம் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தன்னையே அடித்துக்கொள்வது, கிள்ளிக்கொள்வது, செத்துப்போகிறேன் என்பது இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள். பதற்றம், ஏடிஹெச்டி (கவனச்சிதறலும் அதீதத் துறுதுறுப்பும்), யாராவது குழந்தையிடம் தவறாக நடந்துகொள்வது, இவையும் வெளியே இப்படித்தான் தெரியும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

தங்கை இப்போது வேலைக்குப் போகிறாள். நான் ஊருக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போன் பண்ணுவாய் அக்கா என்று கேட்டு வைத்துக்கொள்வாள். அந்த நேரத்துக்குச் சரியாகப் பண்ணிவிடுவேன்.