பிரவுசரில் ஓடும் பிஎச்பி நிரல் கிரானில் ஏன் நிற்கிறது?

கேள்வி: மாத விற்பனை அறிக்கைக்கு ஒரு பிஎச்பி நிரல் வைத்திருக்கிறேன். பிரவுசரில் ரிப்போர்ட்.பிஎச்பி?மாதம்=5 என்று கொடுத்தால் சரியாக வருகிறது. அதையே கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) போட்டால் ‘குட் நாட் ஓப்பன் இன்புட் ஃபைல்’ என்கிறது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஃபைல் இருக்கிறது, நீங்கள் கேட்ட பெயரில்தான் இல்லை. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைத் தனியே பிரித்துத் தருவது வெப் சர்வர். கமாண்ட் லைனில் அந்த சர்வரே கிடையாது. அதனால் ‘ரிப்போர்ட்.பிஎச்பி?மாதம்=5’ முழுவதையும் ஒரே ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு பிஎச்பி தேடுகிறது. நடுவில் & குறி இருந்தால் இன்னும் சிக்கல்: கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அந்த இடத்தில் கட்டளையை வெட்டி, முன்பாதியைப் பின்னணியில் ஓடவிட்டுவிடும்.

மதிப்பை இடைவெளி விட்டுக் கொடுங்கள்: பிஎச்பி ரிப்போர்ட்.பிஎச்பி 5. அது $ஆர்க்வி என்ற அரேயில் வந்து சேரும். (பெயர்களை ஒலிப்பில் தருகிறோம், நிரலில் ஆங்கில எழுத்தில் இடுங்கள்.) $ஆர்க்வி[0] நிரலின் பெயர், உங்கள் 5 இருப்பது $ஆர்க்வி[1]-இல். எண்ணிக்கையைச் சொல்லும் $ஆர்க்சி நிரல் பெயரையும் சேர்த்தே எண்ணுவதால் இங்கே 2 என்று காட்டும். ஃபங்ஷனுக்குள் $ஆர்க்வி தெரியாது; அங்கே $_சர்வர் அரேயிலுள்ள ‘ஆர்க்வி’யைப் படியுங்கள். வருவதெல்லாம் சரம்தான், எண் அல்ல. 1 முதல் 12 வரை உள்ள முழு எண்தானா என்று சோதித்து, இல்லையென்றால் பிழைச்செய்தியை எஸ்டிடி எரருக்கு (பிழைகளுக்கான தனி வெளியீடு) அனுப்பி, தோல்வி என்று சொல்லும் எக்ஸிட்(1) கொடுத்து முடியுங்கள். தவறான மாதத்துக்கு வெற்று அறிக்கை போவதைவிட நிரல் நின்றுபோவதே நல்லது.

மதிப்புகள் இரண்டு மூன்றைத் தாண்டினால் வரிசையை நம்பாதீர்கள். ஆப்ஷன்களைப் பெயர் வைத்துப் படிக்கும் கெட்ஆப்ட் ஃபங்ஷனுக்கு மாறி --மாதம்=5 --சோதனை என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். நிரலில் கெட்ஆப்டுக்குத் தரும் ஆப்ஷன் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் மதிப்பு கட்டாயம். இரண்டு வைத்தால் விருப்பம். இரண்டு வைத்த ஆப்ஷனுக்கு --மாதம் 5 என்று இடைவெளி விட்டால் 5 சேராது, = குறி வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் மதிப்பில்லாத ஆப்ஷன். --சோதனை கொடுத்திருந்தாலும் அதன் மதிப்பு ஃபால்ஸ் என்றே வரும். ஆகவே இஃப்-இல் நேரடியாகப் பார்க்காமல் அது இருக்கிறதா என்று மட்டும் சொல்லும் ஐஸெட் வைத்துப் பாருங்கள். ஆப்ஷன் அல்லாத ஒரு சொல் முதலில் வந்துவிட்டால் கெட்ஆப்ட் அதோடு நின்றுவிடும், பின்னால் உள்ளவற்றைப் படிக்காது. ஆப்ஷன்களை முன்னால் எழுதுங்கள்.

பிரவுசரிலும் இதே நிரல் ஓட வேண்டுமானால் பிஎச்பி எந்த வழியில் ஓடுகிறது என்று சொல்லும் பிஎச்பி_எஸ்ஏபிஐ மதிப்பைப் பாருங்கள். ‘சிஎல்ஐ’ (கமாண்ட் லைன்) என்றிருந்தால் $ஆர்க்வி, இல்லாவிட்டால் முகவரியில் வந்த மதிப்புகள் உள்ள $_கெட்.

கிரானில் பிஎச்பிக்கும் நிரலுக்கும் முழுப் பாதை கொடுங்கள். நிரல் இருக்கும் ஃபோல்டரில் கிரான் தொடங்குவதில்லை. % குறியை கிரான் புதிய வரியாக மாற்றிவிடும் என்பதால், தேதி வடிவத்தில் அது வந்தால் முன்னால் \ இடுங்கள். இடைவெளி, *, $ உள்ள மதிப்புகளை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் $ஆர்க்வி காலியாக இருந்தால், உங்கள் ஹோஸ்டிங்கில் அந்தப் பாதையில் இருப்பது சிஜிஐ வகை (வெப் சர்வருக்கான) பிஎச்பியாக இருக்கலாம். பிஎச்பி -வி கொடுத்தால் முதல் வரியிலேயே தெரியும். ‘சிஎல்ஐ’ என்று காட்டும் பைனரியின் பாதைக்கு மாற்றுங்கள்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் இப்படி அனுப்பாதீர்கள். நிரல் ஓடும் நேரத்தில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை தட்டினால் அதே சர்வரில் உள்ள பிற பயனர்களும் அதைப் பார்க்க முடியும். மற்றவர் படிக்க முடியாத, 600 அனுமதியிட்ட கான்ஃபிக் ஃபைலில் வையுங்கள்.