மனநலம் – உங்கள் கேள்விகள்: சைக்கடெலிக் சிகிச்சையும் பால்புதுமையினரும்

ஆஸ்திரேலியாவில், புலனுணர்வையும் நினைவோட்டத்தையும் சில மணிநேரம் மாற்றும் சைக்கடெலிக் மருந்துகளைக் கொண்டு அளிக்கப்படும் மனநலச் சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பால்புதுமையினராகிய திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களுடைய குடும்பத்தாருமே மிகுதி என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் இன்னார் என்று தெரியாதபடி கடிதங்களைச் சுருக்கியுள்ளேன்.

மதிப்புக்குரிய டாக்டர் அம்மா, நான் முப்பது வயதைக் கடந்த திருநங்கை. பதினேழு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்டேன். அதன்பின் நடந்தவற்றை எழுத இயலவில்லை. இன்றும் இரவில் யாராவது கதவைத் தட்டினால் உடம்பு நடுங்குகிறது. எம்டிஎம்ஏ மருந்தோடு சேர்த்து அளிக்கும் சிகிச்சையில் என்னைப் போன்றவர்கள் குணமடைவதாகப் படித்தேன். அது இங்கே கிடைக்குமா? கிடைக்காவிட்டால், மாத்திரை வாங்கித் தருவதாகத் தோழி ஒருத்தி சொல்கிறாள். – செந்தூல், கோலாலம்பூர்

அன்புச் சகோதரி, மலேசியாவில் இந்தச் சிகிச்சை சட்டப்படி கிடைக்காது. தோழி தரும் மாத்திரையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி), எல்எஸ்டி, சிலவகைக் காளான்களில் இருக்கும் சைலோசைபின் ஆகியவை 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றன. உட்கொண்டது சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியவந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ விதிக்கப்படலாம். கையில் வைத்திருந்தால் தண்டனை கூடும். வாங்கிக் கொடுத்த தோழியின்மீது கடத்தல் குற்றமே சாட்டப்படலாம். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டபோதிலும், கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது. மைகாட் அடையாள அட்டையில் ஆண் என்று பதிவாகியுள்ள திருநங்கைகள் ஆண்களோடு அடைக்கப்படுவதே இங்குள்ள வழக்கம். ஏற்கெனவே காயப்பட்ட ஒருவருக்கு அதைவிடக் கொடிய இடம் வேறு இருக்க முடியாது. தெருவில் எம்டிஎம்ஏ என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரையில் மெத்தம்பெட்டமினும் வேறு பொருள்களும் கலந்திருப்பது சாதாரணம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் படித்த செய்தி பொய்யன்று. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு உள்ள 104 பேரிடம் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் நடத்தப்பட்ட மூன்றாம் கட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. எம்டிஎம்ஏ பெற்றவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினருக்கு, சிகிச்சை முடிந்தபோது அந்நோய்க்குரிய வரையறையே பொருந்தவில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இந்நோய்க்கு எம்டிஎம்ஏவையும், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபினையும் பரிந்துரைக்கலாம் என்று ஆஸ்திரேலியா அறிவித்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமோ, கிடைத்த சான்றுகள் போதா, இன்னோர் ஆய்வு வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் எம்டிஎம்ஏவுக்கு ஒப்புதல் தர மறுத்தது. தாம் விழுங்கியது மருந்தா போலியா என்பதைப் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் எளிதில் கண்டுகொண்டார்கள் என்பது அவ்வாய்வுமீது எழுந்த முக்கியமான குறைகளில் ஒன்று.

அந்த ஆய்வில் மருந்து உட்கொண்ட அமர்வுகள் மூன்றே. ஏறத்தாழ எட்டு மணிநேரம் நீளும் அவை ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாதம் அளவுக்கு இடைவெளி இருந்தது. அவற்றுக்கு முன் மூன்று, பின்னர் ஒன்பது என்று மற்றப் பன்னிரண்டு அமர்வுகளும் மருந்தே இல்லாத உரையாடல்கள். போலி மருந்தோடு அதே உரையாடல்களைப் பெற்ற பிரிவினரிலும் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் அந்த வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். செய்தித்தாள்கள் பெரிதாகச் சொல்லாத இந்த எண்ணே உங்களுக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அதைத் தந்த உரையாடலுக்கு இங்கே எந்தத் தடையும் இல்லை. கண்களை இருபுறமும் அசைத்தபடி அதிர்ச்சி நினைவுகளை அணுகும் இஎம்டிஆர் என்னும் முறையையும், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இலேயே இந்நோய்க்குப் பரிந்துரைத்துவிட்டது. இரண்டிலும் பயிற்சி பெற்றவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். பதினேழு வயதில் உங்களுக்கு நேர்ந்ததைக் கேட்டு, அதற்கு உங்கள் பிறப்பைக் காரணம் காட்டாத ஒருவர் அவர்களுள் யார் என்பதைத்தான் தேட வேண்டும். அந்தத் தேடலைப் பற்றிக் கடைசிக் கடிதத்துக்கான பதிலில் எழுதியுள்ளேன்.

டாக்டர் அவர்களுக்கு, என் மகனுக்கு 22 வயது. தனக்கு ஆண்கள்மீதுதான் நாட்டம் என்று சென்ற ஆண்டு என்னிடம் சொன்னான். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. காளான் மருந்து கொடுத்து, தியானம் செய்யவைத்து, இப்படிப்பட்ட பிள்ளைகளை மாற்றிவிடுவதாக ஒருவர் சொல்கிறார். வெளிநாட்டில் ஒரு முகாம் நடத்துகிறாராம். அழைத்துப் போகலாமா? – ஒரு தாய், பட்டர்வொர்த்

அம்மா, போகாதீர்கள். மகனையும் அனுப்பாதீர்கள். அவர் சொல்வது புதிய கண்டுபிடிப்பன்று. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துத் தோற்றுப்போன ஒன்று. 1950களிலும் 60களிலும் தன்பாலீர்ப்பை நோயாகக் கருதிய மருத்துவர்கள், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதை ‘மாற்றுவதற்காக’ எல்எஸ்டி கொடுத்துப் பார்த்தார்கள். ஹார்வர்டில் சைலோசைபின் ஆய்வு நடத்திய திமோத்தி லியரி, எல்எஸ்டி தன்பாலீர்ப்பைக் குணமாக்கும் என்று 1966இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் துணிந்து சொன்னார். அவருடன் பணியாற்றிய ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் ஆண் ஒருவருக்கு எல்எஸ்டி கொடுத்துப் பெண்கள்மீது நாட்டம் உண்டாக்க முயன்றதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஆல்பர்ட்தான் பின்னாளில் இந்தியா சென்று நீம் கரோலி பாபாவின் சீடராகி, ராம் தாஸ் என்று பெயர் பெற்றவர். அவருக்கே ஆண்கள்மீது நாட்டம் இருந்தது. பிற்காலத்தில் அதை வெளிப்படையாகவும் பேசினார். எத்தனையோ முறை எல்எஸ்டி உட்கொண்ட அவரையே அது மாற்றவில்லை.

இந்த மருந்துகளின் பிடியில் இருப்பவர், அருகிலிருப்பவர் சொல்வதை வழக்கத்தைவிட எளிதில் உள்வாங்கிக்கொள்வார். ‘நீ பிழையானவன்’ என்ற ஒரு சொல் அந்த நேரத்தில் காதில் விழுந்தால், அது பல ஆண்டுகள் உள்ளே தங்கிவிடக்கூடும். அதனால்தான் உங்கள் மகனை மாற்ற நினைக்கும் ஒருவரின் கையில் இந்த மருந்து இருப்பதை எண்ணி அஞ்சுகிறேன்.

தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் நாள் நீக்கியது. திருநர் அடையாளத்தையும் 2019இல் மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. பால்புதுமையினரிடையே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஒதுக்கப்படுதல், ஒதுக்கப்படுவோமோ என்ற ஓயாத எதிர்பார்ப்பு, மறைத்து வாழ்தல், பிறர் காட்டும் வெறுப்பைத் தன்மீதே திருப்பிக்கொள்ளுதல் ஆகியவற்றால் அது விளைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விளக்கினார். இந்த நான்கில் மூன்றையாவது ஒரு தாயால் வீட்டுக்குள்ளேயே குறைக்க முடியும். உங்கள் மகன் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். முகாமுக்குச் சேர்த்துவைத்த பணத்தில் நீங்களும் அவனும் தனித்தனியே ஒரு நல்ல ஆலோசகரைப் பார்க்கலாம். உங்கள் மனத்திலும் பாரம் இருக்கிறது என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது.

நான் எச்ஐவி மருந்து உட்கொள்கிறேன்; மனச்சோர்வுக்கும் தனியாக மாத்திரை உண்டு. சைக்கடெலிக் மருந்துகள் இவற்றோடு சேருமா? – பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

தம்பி, சில சேர்க்கைகள் உயிரைப் பறிக்கும். எச்ஐவி சிகிச்சையில் துணைமருந்தாகச் சேர்க்கப்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவை, எம்டிஎம்ஏவையும் கெட்டமின் என்னும் மயக்க மருந்தையும் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் வழக்கமான அளவே உடம்பில் பன்மடங்கு அளவைப் போல வேலை செய்யும். ரிட்டோனாவிர் உட்கொண்டிருந்த ஒருவர் எம்டிஎம்ஏவால் இறந்தது 1990களிலேயே பிரிட்டனில் பதிவாகியுள்ளது. மனச்சோர்வு மருந்துகளில் மோக்லோபெமைட் வகையோடு எம்டிஎம்ஏ சேர்ந்தாலும் மரணம் நேரிடலாம். செர்ட்ராலின், எசிட்டலோபிராம் போன்றவை அதன் வினையைப் பெரும்பாலும் மழுங்கடிக்கும். அது தெரியாமல் கூடுதலாக விழுங்குவதே அங்குள்ள ஆபத்து. லித்தியம் உட்கொள்பவர்களுக்கு எல்எஸ்டியாலும் சைலோசைபினாலும் வலிப்பு வந்திருக்கிறது. நெருங்கிய உறவினர் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஆய்வுகளில்கூடப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

ஏற்கெனவே ஏதாவது உட்கொண்டிருந்தால் உங்கள் எச்ஐவி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அம்மா, நான் ஜார்ஜ்டவுனில் பதிவு பெற்ற ஆலோசகர். இத்தகைய சிகிச்சை ஒருநாள் இங்கும் வரலாம். பால்புதுமையினரை உள்ளடக்கிய சிகிச்சை என்று எழுதுகிறார்களே, அறைக்குள் அது எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியை ஓர் ஆலோசகர் இப்போதே கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ தைப்பூசத்தன்று அருள் வந்து ஆடுபவரைப் பார்த்திருப்பீர்கள். முன்கூட்டியே விரதம் இருந்தவர் அவர். விழாமல் தாங்க உறவினர்கள் நிற்பார்கள். விபூதி பூசி இறக்கிவைக்கப் பெரியவர் ஒருவர் இருப்பார். தம்மை மறந்த நிலையில் இருப்பவரை முன்பின் தெரியாதவரிடம் நாம் ஒப்படைப்பதில்லை. சைக்கடெலிக் சிகிச்சையில் மனநிலையும் சூழலும் மருந்துக்கு நிகரானவை என்று இத்துறையினர் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருவதும் இதையே.

நடைமுறை வரவேற்பறையிலேயே தொடங்குகிறது. புடவை உடுத்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணை மைகாட்டிலுள்ள ஆண் பெயரால் உரக்கக் கூப்பிட்டு, அறையிலிருப்போர் அனைவரும் திரும்பிப் பார்த்துவிட்டால், அன்றைய அமர்வு அங்கேயே கெட்டுவிடுகிறது. எண்ணைச் சொல்லி அழைத்தால் போதும். படிவத்தில், அழைக்கப்பட விரும்பும் பெயருக்கு ஓர் இடம் வேண்டும். எட்டு மணிநேரம் கண்களை மூடிப் படுத்திருக்கப்போகும் திருநம்பி, மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான பைண்டர் உடையை அணிந்திருக்கக்கூடும். மூச்சுக்கு அது இடைஞ்சல் என்பதால், கழற்றுவதா, தளர்வானதை அணிவதா என்று முந்தைய அமர்விலேயே அவரிடம் பேச வேண்டும். எந்தக் கழிவறைக்குப் போவார் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஒலிக்கவிடும் இசையிலும் கவனம் தேவை. ஒருவருக்கு ஆறுதல் தரும் பக்திப் பாடல், கோயில் வாசலில் அவமதிக்கப்பட்ட இன்னொருவருக்குப் பழைய காயத்தைக் கிளறும்.

தொடுதலைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கனடாவில் நடந்த எம்டிஎம்ஏ ஆய்வொன்றில், பங்கேற்ற பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் அமர்வின்போதே வரம்பு மீறி நடந்துகொண்டது பின்னர் அம்பலமானது. அதையொட்டி 2024இல் மூன்று ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா, எந்தச் சைகை காட்டினால் உடனே விலக வேண்டும் என்பதெல்லாம் மருந்துக்கு முன்பே எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். மருந்தின் பிடியில் அவர் புதிதாகத் தரும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ளக்கூடாது. தம் உடம்பைப் பிறர் கேட்காமல் தொட்டே பழக்கிவிட்ட திருநங்கைகளுக்கு, கேட்டுவிட்டுத் தொடுவதே சிகிச்சையின் பெரும்பகுதி என்று நான் நம்புகிறேன்.

எம்டிஎம்ஏ ஆய்வுகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு சிகிச்சையாளர்கள் அமர்வதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. தாய் தந்தையரைப் போன்ற இணை இருந்தால்தான் நலம் என்ற எண்ணம் யாருக்குப் பொருந்தும் என்று பால்புதுமைச் சிகிச்சையாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். 2019இல் சான் பிரான்சிஸ்கோவில், சைக்கடெலிக் தாவரங்களைப் பற்றி ஆராயும் சக்ருனா நிறுவனம் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. ஆய்வுகளில் பங்கேற்றோரும் ஒரே வார்ப்பினர்தாம்: 1993 முதல் 2017 வரையிலான 18 சைக்கடெலிக் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 282 பேரில் 82 விழுக்காட்டினர் வெள்ளையர். பினாங்கிலுள்ள தமிழ்த் திருநம்பி ஒருவருக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதியளிக்க முடியாது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு கவலையும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் வந்த குற்றவியல் சட்டத்தில், ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு என்று வகுத்ததைக் குற்றமாக்கும் 377ஏ பிரிவு இன்னும் நடப்பில் இருக்கும்போது, கோப்பில் என்ன எழுதுகிறீர்கள், அதை யார் பார்க்க முடியும் என்பதை முதல் நாளிலேயே வந்தவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு வேண்டாத விவரத்தை எழுதாமல் விடுங்கள். மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த மருந்தும் தேவையில்லை; உங்கள் ஆலோசனை அறையில் நாளைக்கே தொடங்கலாம்.

யாரிடம் போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? – பல வாசகர்கள்

ஆலோசகர் என்றால் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். முன்பதிவு செய்யும் தொலைபேசி அழைப்பிலேயே, ‘நான் திருநங்கை, நீங்கள் இதற்குமுன் திருநங்கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? என்னை மாற்ற முயல்வீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். தயங்கி மழுப்பினால் வேறொருவரைத் தேடலாம். அதனால் யாரும் உங்களைக் குறைசொல்ல மாட்டார்கள். சௌக்கிட் பகுதியில் இயங்கும் பிடி அறக்கட்டளையும் சீட் அறக்கட்டளையும் பல ஆண்டுகளாக இச்சமூகத்தோடு பணியாற்றுகின்றன. யாரிடம் போகலாம் என்று அங்கே கேட்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே காவல் துறைக்கு அஞ்சி யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.