தொழில் நடக்கிற கடல்

வணக்கம் அண்ணா,

வடமராட்சிக் கரையைப் பற்றி நீங்கள் எழுதுவதை நெடுநாளாக வாசித்து வருகிறேன். நான் பிறந்தது பருத்தித்துறைக்குப் பக்கத்தில். ஐந்து வயதில் கனடா வந்துவிட்டேன். போன மார்ச்சில் குடும்பமாகப் புளோரிடா போனபோது இஸ்லமொராடா என்ற இடத்தில் ஒரு படகில் மீன்பிடிக்கப் போனோம். அப்பா கப்டன், மகன் உதவியாள், அம்மா கரையில் இருந்து முன்பதிவையும் சாப்பாட்டையும் பார்க்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் போலக் கவனித்தார்கள். என் எட்டு வயது மகள் ஒரு மஹிமஹி பிடித்தாள். (ஒரு வேடிக்கை: வாழைப்பழம் கொண்டுபோயிருந்தோம். கப்டன் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. அதைக் கரையில் வைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும் என்றார். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாதாம்.)

அன்று தொடக்கம் ஒரே யோசனை. இதை ஏன் யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடாது? கடல் இருக்கிறது. படகு ஓட்டச் சித்தப்பாவின் மகன் இருக்கிறான். வருடாவருடம் எங்கள் சனம் விடுமுறைக்கு வந்து குவிகிறது. இரட்டை எஞ்சினோடு 30 அடிப் படகு ஒன்று இறக்கி, தளப்பத்து (முதுகில் பாய் போலச் செட்டை விரிக்கிற பெரிய மீன்) பிடிக்கக் குடும்பங்களை ஆழ்கடலுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். ஓகஸ்டிலும் டிசம்பரிலும் ஓடினாலே செலவு தேறிவிடும் என்பது என் கணக்கு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
வ.
ஸ்காபரோ

---

அன்புள்ள வ.,

உங்கள் கணக்கின் பெரிய பிழை கடைசி வரியில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓகஸ்ட் என்றால் நல்லூர்க் கோயில் திருவிழா. கொடியேறி 25 நாளும் அரைவாசி யாழ்ப்பாணத்தில் மீன் இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டி கவிழ்த்துத்தான் கிடக்கும். அது முடிகிற கையோடு சந்நிதி, பிறகு வல்லிபுரம். நீங்கள் எதிர்பார்க்கிற வெளிநாட்டுச் சனத்தில் பெரும்பகுதி அந்தத் திருவிழாவுக்கென்றே ரிக்கெற் போட்டு வருகிறது. காலையில் காவடி பார்த்துவிட்டு வந்தவரிடம் 'வாங்கோ, பாரை பிடிப்பம்' என்று கேட்டுப் பாருங்கள். ஆசைக்கு ஒருவர் வந்தாலும், பிடித்த மீனை எந்த வீட்டுக்குக் கொண்டு போவார்? வாசலிலேயே மாமி மறித்துவிடுவா.

டிசம்பர் என்றால் வாடை, வடகிழக்குக் காற்று. வடக்குக் கரை முழுக்க அதற்கு நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரேவி என்று புயல்களும் இந்தப் பக்கம் வந்தது அந்த மாதங்களில்தான். தொழிலாளிகளே படகை மேலே இழுத்துவிட்டு வலை பொத்திக்கொண்டிருக்கிற நேரத்தில், வல்வெட்டித்துறையில் பட்டம் விடலாம். பிள்ளைகளைக் கடலுக்கு ஏற்ற முடியாது.

கடல் மனிதருக்கு இசைவாக இருப்பது வாடை தணிந்ததிலிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடிக்கும் வரை. பெப்ரவரியிலிருந்து மே நடுப்பகுதி என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்கு 61 நாள் தடை. அந்த நாள்களில் எங்கள் கடல் மூச்சு விடும். மற்றக் காலத்தில் அந்த இழுவைக்காரர் திங்கள், புதன், சனி என்று கிழமை சொல்லி எங்கள் பக்கம் வருவார்கள், கிடக்கிற வலையை வெட்டிக்கொண்டு போவார்கள். இரவில் வலை விட்டவனுக்குத்தான் அதன் பயம் தெரியும். ஆக, உங்கள் வாடிக்கையாளர் வருகிற மாதம் வேறு, கடல் அழைக்கிற மாதம் வேறு. இரண்டும் சந்திப்பது உங்கள் ஊர் மார்ச் விடுமுறை ஒரு கிழமையிலும் ஈஸ்டரை ஒட்டியும்தான். அந்த ஒரு சில கிழமைகளை நம்பி 30 அடிப் படகை வாங்கினால், மீதி நாளெல்லாம் அது வெயிலில் கிடந்து வெடிக்கும்.

அடுத்தது தளப்பத்து. புளோரிடாவில் அந்தக் குடும்பம் கரையிலிருந்து சில மைல் ஓடினாலே அடி தெரியாத நீலத் தண்ணீர் வந்துவிடுகிறது. வளைகுடா நீரோட்டம் அவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது. தளப்பத்தும் மஹிமஹியும் அந்த ஓட்டத்தோடு வருகிற சாமான். எங்கள் பாக்கு விரிகுடாவில் பெரும்பகுதி 13 மீற்றர் ஆழம்கூட இல்லை. நல்ல தென்னை ஒன்றை அடியில் நட்டால் வட்டு வெளியே தெரியும். வடக்கே நீட்டி ஓடலாமென்றால் 1974இலும் 1976இலும் இந்தியாவோடு கீறிய கடல் எல்லைக் கோடு வந்துவிடும். கரைக்குக் கிட்டவே கிடங்கு மாதிரி ஆழம் இறங்குவது திருகோணமலையில், அல்லது தெற்கே மிரிசப் பக்கம். தளப்பத்துத்தான் வேண்டுமென்றால் படகை அங்கே கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் அதைச் சொல்லிக் காசு வாங்குவது பொய்.

இதைக் கேட்டு மனம் விடத் தேவையில்லை. படகு ஓட ஓடப் பின்னால் தூண்டிலை இழுத்துப் போனால் சீலா, பாரை, கட்டா, அதிர்ஷ்டமிருந்தால் அறக்குளா. கடலடிப் பாருக்கு (பாறைத் திட்டுக்கு) மேலே நிறுத்தி இறக்கினால் விளைமீன், கலவாய். மெல்லிய தங்கூசியில் (நைலோன் நூலில்) மூன்று கிலோ சீலா ஒன்று அடித்து ஓடினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது திமிங்கிலம்தான்.

இனி, நான் உண்மையில் எழுத நினைத்தது.

எங்கள் கரையில் 'தொழில்' என்றால் ஒரே தொழில்தான். 'தொழிலுக்குப் போட்டார்' என்றால் கந்தோருக்குப் போனார் என்று யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கடலில் கடல்வலயத் தடை, பாஸ், இத்தனை குதிரைவலுவுக்கு மேல் எஞ்சின் கூடாது என்பதெல்லாம் பார்த்த சனம் இது. மயிலிட்டித் துறைமுகம் 1990இல் போரில் இராணுவத்தின் கைக்குப் போய் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 27 வருடம். அதே தண்ணீரில் பொழுதுபோக்குக்கு ஒரு படகு ஓடுகிறதென்றால் கரை அதைப் பார்க்கிற பார்வை வேறு. எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரியில் சுவிஸிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணர் குடும்பம் வந்திருந்தது. காசுக்கல்ல, சொந்தத்துக்கு, என் மச்சானின் படகில் கூட்டிப் போனோம். 23 அடி பிளாஸ்ரிக் போட், 40 குதிரைவலு எஞ்சின். விடிகிற நேரம், பாருக்கு நடுவே படகு போகிற வழியான வான் தாண்டி வெளியே வந்ததும் சின்னவளுக்கு ஒரு சீலா பட்டது. பிள்ளை கத்திய கத்தலில் அணியத்தில் இருந்த அண்ணர் ரீ கோப்பையைக் கடலில் விட்டுவிட்டார். இன்னொன்று வேண்டுமென்று அவள் அடம். மச்சான் கிழக்கே பார்த்து, 'அங்கால வலை கிடக்கும்' என்றார். நான்தான், 'இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம்' என்றேன். சூரியன் நேரே கண்ணுக்குள். மிதப்பு ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது.

எஞ்சினை நிமிர்த்திப் பார்த்தால் விசிறியில் தங்கூசி வலை முறுக்கி, நடுவில் இரண்டு நண்டு. மச்சான் ஒன்றும் பேசவில்லை. கத்தியை எடுத்து அரை மணித்தியாலம் குனிந்தபடி அறுத்தார். எஞ்சின் நின்ற படகு பக்கவாட்டில் உருளத் தொடங்கியதும், மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்து, அண்ணிக்குச் சத்தி. அறுந்த இரண்டு தலைப்பையும் மச்சான் ஒன்றாக முடிந்து, அடையாளத்துக்கு வெறும் கான் ஒன்றைக் கட்டி மிதக்கவிட்டார். 'ஆரின்ரை வலை?' என்று பிள்ளை கேட்டாள். அவருக்குத் தெரியும். மிதப்பைப் பார்த்தே தெரியும்.

பின்னேரம் இரண்டு பேருமாக வலைக்காரர் வீட்டுக்குப் போனோம். காசை வாங்க முதலில் மறுத்து, பிறகு வாங்கினார். சண்டை பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: 'இழுவைக்காரன் தொழிலுக்கு வந்து வெட்டுறான். நீங்கள் விளையாடப் போயோ வெட்டினீங்கள்?' அடுத்த நாள் விடிய மச்சான் அவரோடு போய் வலை தூக்கிக் கொடுத்தார். நான் ஒரு மாதம் அந்த ஒழுங்கையால் போகவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் சித்தப்பாவின் மகனுக்குப் படகு ஓட்டத் தெரியுமா, அல்லது அவன் தொழிலுக்குப் போகிறவனா? இரண்டும் ஒன்றல்ல. யாருடைய வலை எந்தக் காற்றுக்கு எங்கே கிடக்கும் என்பது தொழிலுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் காசுக்கு ஆறு பேரை ஏற்றும் மிகச் சின்ன உரிமப் பத்திரத்துக்கே 360 நாள் கடலில் நின்ற கணக்குக் காட்டவேண்டும். இங்கே அந்த 360 நாளை முறைப்படி எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். ஒருவரைச் சம்பளத்துக்கல்ல, பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய் இருந்து, எந்த நாள், எந்தப் பக்கம், எத்தனை மணி வரை என்று பேசி முடியுங்கள். மீன்பிடிப் படகாகப் பதிந்ததில் காசுக்கு ஆள் ஏற்றுவது வேறு சங்கதி. அதற்குரிய அனுமதியும் காப்புறுதியும் கையில் வரும்வரை ஒருவரையும் ஏற்றாதீர்கள், சொந்தக்காரர் என்றாலும் சரி. நாங்கள் ஏற்றினோம். அது சரியென்று சொல்ல வரவில்லை.

படகைப் பற்றிக் கொஞ்சம். இரட்டை எஞ்சின் என்ற உங்கள் யோசனை நல்லது, ஒன்று நின்றால் மற்றது கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். 40 குதிரைவலு எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு 15 லீற்றர் அளவில் குடிக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்கு ஏறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தூரம் ஓடாதீர்கள். நாலு பேர், விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டு பத்துக்குள் கரை. அதற்கு மேல் வெயில், காற்று, அதோடு யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி: மச்சானுடையது மாதிரி 23 அடி படகில் கழிவறை இல்லை. குடும்பப் பயணத்தைக் குழப்புவது மீன் படாதது அல்ல, இதுதான். பிள்ளைகளின் அளவுக்கே உயிர்காப்பு அங்கி வேண்டும், பெரியவருடையதை இறுக்கிக் கட்டினால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் வேலை செய்கிற வானொலிக் கருவி ஒன்று. சூரை வகை பட்டால் உடனே ஐசுக்குள் போகவேண்டும். வெயிலில் கிடந்த சூரையைப் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது, முகம் சிவந்து தடித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒருவர்தான் அந்தப் புளோரிடாப் படகின் முதுகெலும்பு என்று நினைக்கிறேன்: கரையில் இருந்த அம்மா. யார் வருகிறார்கள், யாருக்குத் தலை சுத்தும், எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாது, காற்றுக் கூடினால் எப்படி 'இண்டைக்கு இல்லை' என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுப்பது, எல்லாம் அவர் கையில். உங்கள் கணக்கில் அந்த இடத்துக்கு ஆளே இல்லை. சித்தியிடம் கேட்டீர்களா? பிடித்த விளைமீனைப் பத்தரைக்கு அவ வீட்டு முற்றத்தில் சொதி வைத்து இறக்கினால், பாதிப் பேர் அதற்காகவே திரும்பி வருவார்கள்.

படகு வாங்க முன் அடுத்த பெப்ரவரியில் ஒரு கிழமை வந்து நில்லுங்கள். மகளையும் கூட்டி வாருங்கள். மச்சானோடு கதைத்திருக்கிறேன், சங்கத்தில் அவரே அறிமுகப்படுத்துவார். நாடாவால் கட்டுகிற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கொண்டு வந்தால் போதும். வாழைப்பழத்துக்குப் பயப்படத் தேவையில்லை. மச்சான் தொழிலுக்குக் கட்டிக்கொண்டு போவதே அதைத்தான், எங்கள் ஊரில் அதில் ஒரு வகைக்குப் பெயரே கப்பல்.